முழங்கை உயரம்

மார்ச் 4, செவ்வாய்

கம்ப்யூட்டர் மேசையின் குறுக்குக்கட்டையை இன்று அறுத்துத் தள்ளியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே இவர் வாங்கிய மேசை. முட்டி வருகிற இடத்தில் ஒரு கட்டை, பாதம் வருகிற இடத்தில் சிபியு வைக்க ஒரு தட்டு. சொன்ன பேச்சைக் கேட்கிற கால் உள்ளவர்கள் எப்படியோ ஒடுங்கி உட்கார்ந்துவிடலாம். சக்கர நாற்காலிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நேரே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. தச்சுவேலை பாண்டியண்ணன் அறுத்து முடித்ததும் மேசையை ஆட்டிப் பார்த்தார். "கட்டைய எடுத்தா ஆடத்தான் செய்யும் தங்கச்சி. பங்குனித் திருவிழா முடிஞ்சு வந்து ரெண்டு பக்கமும் இரும்பு ஆங்கிள் அடிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டார்.

உரக்கடையில் கொடுத்த இந்த டைரி சும்மா கிடந்தது. பிசியோதெரபி ரெஜினா மேடம்தான் எழுதச் சொன்னார். இவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார், எப்போது படுத்தார், தோல் எப்படி இருந்தது, நாலு வரி போதும் என்றார். நாலு வரியோடு நிறுத்த எனக்கு வராது. இவர் படுக்கையில் விழும்வரை ஐந்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தவள் நான். பிள்ளைகளைப் பக்கம் பக்கமாக எழுத வைத்துப் படுத்திய பாவம், இப்போது என் கை வலிக்கிறது.

தோல்: நன்றாக இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

ரெஜினா மேடம் வந்தார். இவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி மேசைக்கு முன்னால் நிறுத்தி, ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல டேப் வைத்து அளந்தார்.

"தோள் தளர்வா இருக்கணும் வேலு. முழங்கை மடங்கி, கை மேசை மட்டத்துக்கு வரணும். ஏறவும் கூடாது, தொங்கவும் கூடாது. ஸ்க்ரீனோட மேல்விளிம்பு கண்ணுக்கு நேரா இருக்கட்டும். பாதம் ரெண்டும் பலகையில முழுசாப் பதியணும்."

"பதிஞ்சிருக்கா இல்லையான்னு எனக்கு எப்பிடி மேடம் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாது. ஜோதி பாத்துச் சொல்லுவாங்க."

போன ஆடியில் வத்தலக்குண்டு ரோட்டில், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்று இவரையும் வண்டியையும் தனித்தனியாகத் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து தொப்புளுக்குக் கீழே இவருக்கு எதுவும் தெரியாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. கை இரண்டும் பழையபடி இருக்கின்றன. வாயும் அப்படியே இருக்கிறது.

உட்காருவதற்கு ஒரு குஷன் கொண்டுவந்திருந்தார். கறுப்பு உறைக்குள் ரப்பர், முட்டை அட்டை மாதிரி குமிழ் குமிழாக, உள்ளே காற்று. எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம் என்றார். "நமக்கு உக்காந்த எடம் வலிச்சா நம்மளை அறியாம நெளிஞ்சு குடுப்போம். இவருக்கு வலிக்காது, நெளிய மாட்டார். எலும்பு ஒரே எடத்துல அழுத்திக்கிட்டே இருந்தா தோல் செத்துப்போகும். அரைமணிக்கு ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லுங்க. சாயங்காலம் படுக்க வச்சுப் பின்பக்கம் பாத்துருங்க. செவப்பா இருந்து, விரலால அமுக்கினாலும் வெளுக்கலேன்னா அன்னிக்கே எனக்கு போன் பண்ணணும்."

மகள் பிரசவத்துக்காக பெங்களூர் போகிறாராம். மே மாதம்தான் வருவார்.

மார்ச் 11, செவ்வாய்

இவருடைய கம்பெனி மதுரையில் இருக்கிறது. மருத்துவ இன்ஷூரன்ஸ் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இருபத்துநாலாம் தேதியிலிருந்து இரண்டு மாதம் பரீட்சை. லீவு போடாமல் தாக்குப்பிடித்தால் வேலை பழையபடி. அதற்கு முன்னால், உட்காரும் இடத்தைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். தோள், முழங்கை, முட்டி, கண் எல்லாம் இருக்க வேண்டிய மட்டத்தில் இருந்தால்தான் அனுமதி. நாளைக்குக் கழுத்துவலி என்று யாரும் கேஸ் போட்டுவிடக் கூடாதாம். இடுப்புக்குக் கீழே செத்துக் கிடக்கிறவருக்குக் கழுத்துவலி வந்துவிடுமோ என்று அவர்களுக்குக் கவலை.

சம்பளம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வேலை இவருக்குக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தை மாதத்தில் ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்தேன். தூக்கமாத்திரை முழுவதையும் போர்வையின் மேல் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சும்மா எண்ணிப் பாத்தேன்" என்றார். அன்றிலிருந்து மாத்திரை என் பீரோவில் இருக்கிறது, சாவி என் தாலிக்கயிற்றில் இருக்கிறது. யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

தோல்: நன்றாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நாள் முழுக்க மேசையோடு மல்லுக்கட்டு. புதுக் குஷனில் இவர் உயரமாக உட்காருகிறார். தொடை மேசையின் அடிப்பலகையில் இடிக்கிறது. மேசைக்கு நாலு காலிலும் செங்கல் வைத்தேன். குறுக்குக்கட்டை இல்லாத மேசை செங்கல் மேல் ஏறினால் எப்படி இருக்கும்? இவர் ஒரு எழுத்து தட்டினால் ஸ்க்ரீன் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. செங்கல்லை எடுத்தேன். தொடை இடித்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். கை எட்டவில்லை, முதுகு வளைந்தது.

"விடு ஜோதி, இப்பிடியே எடு" என்றார். எடுத்து அனுப்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

போட்டோ திரும்பி வந்துவிட்டது. தோள் முன்னால் கூனியிருக்கிறதாம், தொடைக்கும் மேசைக்கும் இடையில் இடைவெளி இல்லையாம், கைப்பிடி முழங்கைக்குக் கீழே போய்விட்டதாம். சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நான்கூட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வட்டம் போட்டதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியான படம் வர வேண்டும்.

பாண்டியண்ணனுக்கு போன் செய்தேன். மேளச்சத்தத்தில் அவர் பேசியது ஒன்றும் விளங்கவில்லை. இவர் மத்தியானம் சாப்பிடவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

போடியிலிருந்து அத்தை வந்துவிட்டார்கள். தலையில் ஒரு மூட்டை இலவம்பஞ்சு. பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் போடுவேன் என்று சொல்ல, "பஞ்சுக்கு ஏதுய்யா கனம்?" என்று சண்டை போட்டு ஜெயித்து வந்திருக்கிறார்கள். தோட்டத்து மரத்துப் பஞ்சு. கொட்டை நீக்கிக் காயவைத்து, மகனுக்குப் படுக்கை தைக்கக் கொண்டுவந்தது. அத்தையின் பெயர் குருவம்மாள், பொறுமை என்றே வைத்திருக்கலாம். எட்டு மாதத்தில் இந்த வீட்டில் ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அதுவே சில சமயம் எனக்கு எரிச்சல்.

இவருக்கு வாயெல்லாம் புண். கண் எரிகிறதாம். பையில் இறங்கும் மூத்திரம் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருக்கிறது. முன்னறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே ரப்பர். சூடு ஏறாமல் என்ன செய்யும்?

மார்ச் 20, வியாழன்

அத்தை படுக்கையில் பஞ்சை அடைத்துக்கொண்டிருந்தபோது, உட்காருவதற்கும் ஒரு திண்டு தைக்கச் சொன்னேன். குஷன் அளவுக்கு, ஆனால் பாதி உயரத்துக்கு.

"அந்த டாக்டரம்மா குடுத்தது இருக்கே தாயி?"

"அது ரப்பர், அத்தை. ரப்பர்ல நாள் முழுக்க உக்காந்தா மூலச்சூடு வராதா? இலவம்பஞ்சு குளிர்ச்சிதான?"

"குளிர்ச்சிதான். இல்லேங்கல. எதுக்கும் அந்தம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிருவமா?"

பேறுகாலம் பார்க்கப் போன இடத்தில் அவரை எதற்குத் தொந்தரவு செய்வது என்றேன். கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அவர் வீட்டில் ஏசி ஓடுகிறது. அத்தை ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

எல்லாம் சரியாகிவிட்டது! காலையில் இவரைக் குளிப்பாட்டக் கட்டிலில் கிடத்தியிருந்தபோதே, கறுப்பு உறையில் ரப்பருக்குப் பதில் பஞ்சுத் திண்டை நுழைத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் இவர் சுற்றிலும் பார்த்தார். "என்னடி, எறங்குன மாதிரி இருக்கு?" என்றார். காற்றைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன் என்றேன். தொடைக்கும் மேசைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி. தோள் தானாக நிமிர்ந்து நின்றது. முழங்கை மடங்கி, கை அப்படியே கீபோர்டின் மேல் படிந்தது. செங்கல் இல்லை, ஆட்டம் இல்லை.

போட்டோவில் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரத்தில் அனுமதி வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்ட இந்தப் படத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்கள்.

ரப்பரை பாலித்தீன் பையில் சுற்றிப் பரண் மேல் போட்டேன்.

மார்ச் 24, திங்கள்

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி, அதற்கும் கீழே மூத்திரப் பை. கேமராவுக்கு மேல்பாதி போதும். மீட்டிங்கில் எல்லாரும் கை தட்டினார்களாம். முன்பு பக்கத்து சீட்டில் இருந்த பையன் அழுதுவிட்டானாம். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். இவர் சிரிக்கிற சத்தம் எனக்கு மறந்தே போயிருந்தது.

தோல்: நன்றாக இருக்கிறது. அத்தை நாளை மறுநாள் ஊருக்குப் போகிறார்கள்.

ஏப்ரல் 2, புதன்

ரெஜினா மேடம் போன் செய்தார். பேத்தி பிறந்திருக்கிறாள். "குஷன்ல காத்து அளவு பாக்குறீங்களா?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். தோல் நன்றாகத்தான் இருக்கிறது, அதையும் சொன்னேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அரைமணிக்கொரு தடவை உடம்பைத் தூக்கவேண்டிய விஷயத்தில் இன்று சண்டை. மௌஸ் கொஞ்சநேரம் நகராமல் இருந்தால் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறார் என்று குறித்துக்கொள்கிறதாம். இரண்டு கையையும் ஊன்றித் தூக்கினால் மௌஸை யார் பிடிப்பது? "மத்தவனெல்லாம் டீ குடிக்கப் போறான், என்னயத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கான்" என்கிறார். வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் நான் தாழியை உடைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சாப்பாட்டு வேளையில் மட்டும் தூக்கிக்கொள்கிறார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப்பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, பாயசம். லீவுதான், ஆனாலும் இவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல நாளும் அதுவுமாகக் கட்டிலில் கிடக்க மாட்டேன் என்றார். நானும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுச் சாப்பிட்டேன். போன மாத வேலையில் இவர் குழுவிலேயே தப்பு குறைவாகச் செய்தது இவர்தானாம். எனக்கு வடையை ஊட்டிவிட்டார். மேலே ஃபேன் சுற்ற, கீழே நான் அழ, "பச்சடியில வேப்பம்பூ ஜாஸ்தியாயிருச்சா?" என்று கேலி செய்தார்.

ஏப்ரல் 19, சனி

இடது பின்பக்கத்தில், உட்காருகிற எலும்புக்கு நேரே, ஒரு சிவப்பு. எட்டணா அகலம். நடுவில் லேசாகக் கறுத்திருக்கிறது.

சூட்டுக்கட்டி. வேறென்ன. வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் கழுத்திலும் ஒன்று இருக்கிறது.

விரலால் அமுக்கிப் பார்த்தேன். விளக்கு வெளிச்சம் போதவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைத்துச் சுற்றிலும் போட்டேன். நல்லெண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினேன். இளநீர், வெந்தயக்கஞ்சி. என்ன திடீர் கவனிப்பு என்று கேட்டார். வெயிலுக்கு என்றேன்.

ஏப்ரல் 23, புதன்

கட்டி பழுத்து உடைந்துவிட்டது. உடைந்தால் ஆறிவிடும். ஆனால் சீழ் வரவில்லை. தண்ணீர்தான் வருகிறது.

அத்தையிடம் போனில் சொன்னேன். எத்தனை நாளாக என்று கேட்டார்கள். பிறகு, "அந்தத் திண்ட எடுத்துட்டுப் பழசப் போட்டுரு தாயி. அப்பறம் அந்தம்மாட்டயும் சொல்லிரு" என்றார்கள். இதே அத்தைதான் தைத்துக் கொடுத்தார்கள். பழசைப் போட்டால் தொடை இடிக்கும், தோள் கூனும், மறுபடி போட்டோ, மறுபடி வட்டம். ரெஜினா மேடத்திடம் சொன்னால் உட்காரக் கூடாது, படுக்க வை என்பார். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. மே இருபத்துமூன்று தாண்டட்டும்.

திண்டில் இன்னும் கொஞ்சம் பஞ்சு அடைத்துத் தைத்தேன். பஞ்சு ஒரு பக்கமாகக் கட்டிதட்டிப் போயிருந்தது, அதனால்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பார்க்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் பார்த்தால் போதும், தினமும் திறந்தால் புண் ஆறாது. முன்னறையில் செத்த எலி வாடை அடிக்கிறது. பீரோவை நகர்த்திப் பார்த்தேன், மேசைக்கு அடியில் பெருக்கினேன். ஒன்றையும் காணோம்.

மே 3, சனி

நேற்று முழுக்க இவருக்குக் குளிர். இந்த வெயிலில் போர்வை கேட்டார். சட்டை நனைய வேர்த்தது, பல் கிட்டியது, ஆனாலும் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. "இன்னும் பத்து ஃபைல்தான்" என்றுகொண்டே இருந்தார்.

இன்று காலை சொல்லாமல் கொள்ளாமல் ரெஜினா மேடம் வந்து நின்றார். பெங்களூரிலிருந்து எனக்கு இனிப்பு. வாசல்படியிலேயே மூக்கைச் சுளித்தார். கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நேரே நாற்காலிக்குப் போய், இவருக்கு அடியில் கையைவிட்டார். கையை எடுத்து என்னைப் பார்த்தார். இருவருமாக இவரைக் கட்டிலுக்கு மாற்றித் திருப்பினோம். துணியை அவர்தான் பிரித்தார்.

நான் ஆம்புலன்ஸுக்கு போன் செய்யப் போனேன். நம்பர் மறந்துவிட்டது. மூன்றே மூன்று இலக்கம், அது மறந்துவிட்டது.

மே 6, செவ்வாய்

பெரியாஸ்பத்திரி. இரண்டு நாளாக எழுதவில்லை.

வெளியே தெரிந்த ஓட்டை சின்னது, உள்ளே குகை மாதிரி எலும்புவரை போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அழுகியதை வெட்டி எடுத்துவிட்டார்கள். விஷம் ரத்தத்தில் கலந்திருந்ததாம், இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் ஆள் போயிருப்பார். குப்புறப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். ஆறுவதற்கு மாதக்கணக்காகும். அதுவரை உட்காரவே கூடாது. அதற்கு அப்புறமும் பழையபடி நாள் முழுக்க உட்கார முடியும் என்று சொல்வதற்கில்லை.

இன்று காலை டாக்டர் வந்தபோது அத்தையும் இருந்தார்கள், ரெஜினா மேடமும் இருந்தார்.

"ஏர் குஷன்லதான உக்காந்தாரு? அப்புறம் எப்படி இவ்வளவு ஆழம்?" என்றார் டாக்டர்.

"நான் போனப்ப உறைக்குள்ள இலவம்பஞ்சுதான் இருந்துச்சு சார்" என்றார் ரெஜினா மேடம். "கல்லு மாதிரி இறுகிப்போய் இருந்துச்சு."

குப்புறக் கிடந்த இவர் கழுத்தைத் திருப்பினார். "இலவம்பஞ்சா? யாரு வச்சது?"

நான் ஊசிமருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன். நாலாக மடித்து, எட்டாக மடித்தேன்.

"நாந்தாய்யா" என்றார்கள் அத்தை. "சூட்டுக்கு நல்லதுன்னு தச்சேன். ஜோதி வேணாம்னு சொல்லும்னு, அது அடுப்படியில இருந்தப்ப மாத்திட்டேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் பெருமூச்சு விட்டார். படிக்காதவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நர்ஸிடம் சொன்னார். அத்தை தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். இவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

சீட்டைப் பிரித்தபோது மடிப்பில் மருந்தின் பெயர் அழிந்திருந்தது. மறுபடி எழுதி வாங்கினேன்.

மே 9, வெள்ளி

கம்பெனியிலிருந்து பேசினார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், தேறியதும் புதிதாக விண்ணப்பம் போடலாம் என்றார்கள். இவர் "தேங்க்யூ, தேங்க்யூ" என்று தலையணைக்குள் சொன்னார்.

மே 21, புதன்

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. அத்தை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டம்ளரைத் தட்டிவிட்டார்.

"எட்டு மாசம் செத்துக் கெடந்தேன். ஒரு மாசம் உசுரோட இருந்தேன். அதையும் ஒன் கையால புடுங்கிட்ட. எம் மூஞ்சில முழிக்காத, பெரியவன் வீட்டுக்குப் போயிரு" என்றார்.

அத்தை தரையைத் துடைத்தார்கள். துணியை வாளிக்குள் பிழிந்தார்கள். வாசலில் வைத்து அவர்கள் கையைப் பிடித்தேன். "அத்தை, நான்…" என்று ஆரம்பித்தேன். "புண்ணுல ஈரம் படாமப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, கம்பத்தில் இருக்கிற பெரிய மகன் வீட்டுக்கு பஸ் ஏறப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் இவர் என் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். எனக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஜூன் 5, வியாழன்

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். குப்புற, வலப்பக்கம், மறுபடி குப்புற. பங்குனித் திருவிழாவுக்குப் போன பாண்டியண்ணன் வைகாசியில், இன்றுதான் வந்தார், கையில் இரண்டு இரும்பு ஆங்கிளோடு. நடந்தது தெரியாது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடித்துக் கொடுத்துவிட்டு, "இப்ப யானை ஏறுனாலும் ஆடாது தங்கச்சி" என்றார்.

இவர் படுத்தபடியே மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத மொதல்லயே அடிச்சிருந்தா செங்கல் வச்சு ஒசத்தியிருக்கலாம்ல?" என்றார். ஆடாத மேசை இருந்திருந்தால் போதும், ரப்பரே போதும். இவ்வளவுதான் விஷயம். ஒரு தச்சர் ஊருக்குப் போயிருந்தார், எனக்குப் பொறுமை இல்லை. எழுதியாகிவிட்டது. எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

இனி முடியாது என்று மத்தியானம் அத்தைக்கு போன் செய்தேன். "அவர்ட்ட இன்னைக்கிச் சொல்லப்போறேன் அத்தை. நீங்க கெளம்பி வாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் ஆடு கத்தியது. அத்தை யாரையோ விரட்டிவிட்டுப் பேசினார்கள்.

"சொல்லி?"

"சொன்னா உங்க மேல கோவம் போகும்ல?"

"போகும். போயி எங்க வரும்? ஒம்மேலதான?" நிதானமாகத்தான் பேசினார்கள். "எம்மேல கோவம்னா எம்மகன் என்னோட பேச மாட்டான், அம்புட்டுத்தான். நான் எங்கிட்டாச்சும் கெடந்துக்கிருவேன். ஒம்மேல கோவிச்சுக்கிட்டா ஒங் கையால சோறு திங்க மாட்டான், தொட விட மாட்டான். அப்ப அவன யாரு தாயி புரட்டிப் போடுவா? எனக்கு அவனத் தூக்க வலு இருந்தா நானே ஒன்னய மாட்டி விட்டுருப்பேன்."

சிரித்தார்கள். பிறகு புண் எவ்வளவு ஆறியிருக்கிறது என்று கேட்டார்கள். விளிம்பு சுருங்கியிருக்கிறது, உள்ளே சிவப்பாக நல்ல சதை வருகிறது என்று சொன்னேன். "அது போதும்" என்று வைத்துவிட்டார்கள்.

அப்படியும் நான் உள்ளே போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில், இவர் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தேன். "ஏங்க, அந்தக் குஷன அத்தை மாத்தல…" என்றேன்.

இவர் கண்ணைத் திறந்தார். என்னை வெகுநேரம் பார்த்தார். காதில் விழவில்லை என்று சொல்ல முடியாது. ஒரு முழத் தூரம்தான் இருந்தது.

"கை மரத்துப் போச்சு ஜோதி" என்றார். "மொதல்ல என்னயத் திருப்பு."

ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்துத் திருப்பினேன். இப்போது முகம் சுவர்ப்பக்கம் போய்விட்டது. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தேன். நான் சொல்லிக்கொண்டிருந்ததை இவர் மறுபடி கேட்கவில்லை, நானும் மறுபடி சொல்லவில்லை. சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டுத் தரச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். அத்தை எடுத்ததும், "சாப்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். புரட்டும் நேரமாகிவிட்டது என்று போனை வாங்கிவைத்துவிட்டுக் குப்புறத் திருப்பினேன். என் கை பட்டபோது இவர் உடம்பில், தொட்டால் தெரிகிற பாதி முழுக்க விறைத்துக்கொண்டது.